சுத்தம் பண்ணிக் கொடுத்த கம்ப்யூட்டர்

தாலுகா ஆபீஸுக்கு எதிரே நான் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. புதுசு வாங்கியாயிற்று. பழசைக் காயலான் கடையில் போட மனம் வரவில்லை. தறிக்காரர் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு நடத்தப் போகிறோம், பழைய கம்ப்யூட்டர் இருந்தால் கொடுங்கள் என்று அம்மையார்குப்பத்து இளைஞர் மன்றத்தார் கேட்டிருந்தார்கள். சரி, கொஞ்சம் புண்ணியமாவது சேரட்டும் என்று ஒத்துக்கொண்டேன். கடையில் எனக்கு ஒத்தாசையாக இருப்பவர் பாவா, என் அக்கா வீட்டுக்காரர்.

"பாவா, உள்ள ஒண்ணும் இல்லாம சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனேன்.

ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை மன்றத்திலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. மாலை போட்ட கம்ப்யூட்டர்கள், பக்கத்தில் நாலைந்து ஆட்கள், கீழே ஒரு நன்றி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஓரத்தில் நின்றவன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை.

அவனை நான் நேரில் பார்த்ததில்லை. கடைக்கு அடிக்கடி வரும் ஒரு பெண் தன் போனில் காட்டியிருக்கிறாள். "இந்த ஆளு எப்பனா வந்து கேட்டா என்னத் தெரியாதுன்னு சொல்லிடுக்கா" என்றாள். அவளைக் கட்டினவன். அவன் போட்ட சூட்டுத் தழும்பை மறைக்க வெயில் காலத்திலும் அவள் முழுக்கை ஜாக்கெட்தான் போடுவாள். பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மணவூரில் வாடகைக்கு இருந்தாள். ஆதாரில் விலாசம் மாற்றியதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஸ்கேன் எடுத்ததும், பள்ளி அட்டைக்கு யூனிபாரத்தில் அதன் போட்டோ பிரிண்ட் போட்டதும் என் கடையில்தான். அடுத்த தடவை வந்தால் தேட வேண்டாமே என்று அவரவர் பேரில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே போட்டு வைப்பது எங்கள் வழக்கம்.

அதுதான் பாவா அழித்துவிட்டாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் கேட்டேன்.

"நல்லா சுத்தம் பண்ணிட்டீங்க இல்ல, பாவா?"

"ஆங், உள்ள ஒரு தூசி இல்லம்மா. கழட்டி, காத்தடிச்சி, கண்ணாடியெல்லாம் தொடச்சி, பொட்டு வச்சிதான் குடுத்தேன். புதுசாட்டம் இருக்குது."

"ஃபைலெல்லாம்?"

"அது நீ சொல்லவே இல்லியே."

அவரோடு சண்டை போட நேரமில்லை. பஸ் ஏறினேன். முதலில் அவளுக்குப் போன் செய்திருக்க வேண்டும். எதுவும் நடந்திருக்காது, வீணாகப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன். உண்மையில் அவளுக்குப் பதில் சொல்லத்தான் எனக்குப் பயம். ஜன்னல் வழியாக மலைக்கோயிலைப் பார்த்து, முருகா, அவன் கண்ணில் அது படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் எனக்குப் பக்தி பொத்துக்கொண்டு வரும்.

மன்றத்தில் அவன் ஒருவன்தான் இருந்தான். அக்கம்பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் பேசுவதே காதில் விழவில்லை. "வாங்கக்கா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். மரியாதை தெரிந்த ஆள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடை ஃபைல் கொஞ்சம் இதில் தங்கிவிட்டது என்று எதையோ உளறிவிட்டு, இருந்ததையெல்லாம் அழித்தேன். அவன் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தான்.

முடித்து எழுந்ததும்தான் போன உயிர் திரும்பி வந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சிரித்தபடி சொன்னான்:

"யூனிபாரம் போட்டுகினு என் பொண்ணு அழகா இருக்கறாக்கா. நல்லா வளந்துட்டா."

எப்படி ஏறி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. உடனே அவளுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். "பாப்பா இப்ப இஸ்கூல்ல இருக்குதேக்கா" என்றாள். லைன் கட்டாகிவிட்டது.

அவனுக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். பிள்ளையோடு ரயில் ஏறியாயிற்று என்று சாயங்காலம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டுச் சொன்னாள். நான் அழுதுவிட்டேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"அது உனுக்குத் தெரிய வேணாக்கா" என்றாள்.