குரலுக்கு மூக்குத்தி

அந்தத் தொடர் ஓடிய ஒன்றேகால் வருடத்தில் அதைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பார்க்காமல் விட்டதும் குறைவு. திட்டுவதற்காகவே ஒன்றைத் தவறாமல் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரிய வந்தது சுங்குவார்சத்திரத்தில், எங்கள் வீட்டுக்கார அக்காவின் முன்னறையில்.

அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் நானும் திசையன்விளைக்காரி ஒருத்தியும் வாடகைக்கு இருந்தோம். கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் இருவருக்கும் வேலை. ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ். நான் சாத்தூர்ப் பக்கம். முதலில் எங்களுக்குள் பேச்சு அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைக் குடைந்து துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்தாள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்து அவள் சித்தி தைத்து வைத்தது. அட்டையைப் பார்க்காமலே, முதல் பக்கத்து ஓவியத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இதுல எல்லாப் படமும் இருக்கா? நான் லைப்ரரில படிச்சதுல பாதிப் படத்தக் கிழிச்சிருந்தாங்க” என்றேன்.

அவள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “ஏட்டி, நீயும் படிச்சிருக்கியா!” என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

கதை இதுதான். ஓர் ஏரி. அதன் மதகைக் காவல் காக்கும் ஒருத்தி. கல்யாணமாகாதவள், தனியாக இருப்பவள். ஏரிக்கடியில் ஓர் ஊர் மூழ்கிக் கிடக்கிறது. அந்த ஊரிலிருந்து ஒரு குரல் மட்டும் கரையேறிவிடுகிறது. அதற்கு உடம்பு கிடையாது. யார் வாயிலிருந்து வேண்டுமானாலும் அது பேசும். கீரைக்காரி விலை சொல்லிக்கொண்டே இருப்பாள், நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் அவளுடையதாக இருக்காது. ‘மதகைத் திற’ என்பாள். சொன்னது அவளுக்கே தெரியாது. மறுபடி கீரை விலை. மதகைத் திறந்தால் கரைக்குக் கீழே இருக்கிற ஊரும் மூழ்கிவிடும். மதகுக்காரி அடுத்து யார் வாயைப் பார்த்துப் பயப்படுவது? படித்த வயதில் நான் என் அம்மா வாய் திறக்கும்போதுகூடக் கொஞ்சம் பின்வாங்கி நின்றிருக்கிறேன்.

இந்தக் கதைதான் டிவியில் வரப்போகிறது என்று விளம்பரம் வந்தது. எங்களிடம் டிவி இல்லை. அக்காவிடம் இருந்தது. அவர் கணவர் லாரியோடு பாதி நாள் வெளியூர். துணைக்கு ஆள் இருந்தால் நல்லது என்று அக்கா எங்களைக் கீழே வரச் சொல்வார். முதல் நாள் திசையன்விளைக்காரி தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் பத்து நிமிடத்திலேயே மதகுக்காரிக்கு ஒரு புருஷன் வந்தான். பிறகு ஒரு மாமியார். பிறகு, இடி இடித்து, காற்றடித்து, மாடிப்படியில் ஒரு கால் இறங்கி, இன்னொரு கால் இறங்கி, ஒரு நாத்தனார் வந்தாள். அவள் மூக்கில் எட்டணா அகலத்துக்கு ஒரு மூக்குத்தி. அதிலிருந்து பச்சை வெளிச்சம் அடித்தது. அதுதான் குரலாம்.

“இது என்னட்டி கூத்து?” என்றாள் திசையன்விளைக்காரி. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அழுதாள்.

அதற்குப் பிறகு தினமும் இரவு எட்டு மணிக்கு எங்கள் வேலை, கதையில் இல்லாததை எண்ணுவது. நாத்தனார் பாயசத்தில் எதையோ கலக்கிறாளா, கதையில் பாயசமே கிடையாது. ஒருவர் ‘அப்படியா’ என்று கேட்டதும் வீட்டிலுள்ள அத்தனை பேர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டினார்கள். அன்றைய பாகம் முடிந்தது. மூழ்கிய ஊரைக் காட்டிய நாளில் அரண்மனைத் தூண் ஒன்று தண்ணீரில் மிதந்தது. தெர்மகோல். கல்தூணே மிதக்கிற ஊரில் மனுஷர்கள் மட்டும் எப்படி மூழ்கினார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

“புக்குல இப்டி இல்லக்கா” என்போம்.

அக்கா முதலில் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அப்புறம் ஒரு நாள் திரும்பிப் பார்த்து, “புக்குல இன்னா கீதுன்னு நான் கேட்டனா? பாக்கறதுன்னா பாரு. இல்லாங்காட்டி மேல போயி உன் புக்க வெச்சிக்கினு குந்து” என்றார். அக்காவுக்கு அந்த நாத்தனாரை மிகவும் பிடித்திருந்தது. அவள் வரும்போது மட்டும் அரிசி புடைப்பதை நிறுத்துவார்.

கம்பெனி பஸ்ஸிலும் இதே சண்டை. கதை படித்தவர்கள் நாங்கள் நாலைந்து பேர்; பார்ப்பவர்கள் பஸ் நிறைய. மண்ணூரிலிருந்து ஏறும் ஒரு பெண் கேட்டாள்: “குரலுன்னா டிவில இன்னாத்தக் காட்டுவான்? ரேடியோவையா காட்டுவான்?” பஸ் முழுக்கச் சிரித்தது. லைனில் நின்று ஒயருக்கு டேப் சுற்றும்போதுதான் எனக்குப் பதில் வந்தது. ஒன்றும் காட்ட வேண்டாமே. நல்லவன் ஒருவன் பேசிக்கொண்டே இருக்கும்போது அவன் வாயை மட்டும் காட்டினால் போதும், பார்ப்பவர்கள் பக்கத்தில் இருப்பவர் வாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். தெர்மகோல் செலவுகூட மிச்சம். இதைத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கட்சியின் ஒரே ஆறுதல், எழுதியவருக்கு இது தெரியாது என்பது. எல்லாப் பழியையும் டைரக்டர் மேல் போட்டோம். “அவியளுக்கு மட்டும் தெரிஞ்சா கேசு போட்ருவாவ” என்று திசையன்விளைக்காரி அடித்துச் சொன்னாள். அவர் கிராமத்தில் எங்கோ உடம்பு முடியாமல் கிடக்கிறார், ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு கதை பஸ்ஸில் உருவானது. யார் தொடங்கியது என்று தெரியாது. எல்லோரும் நம்பினோம். டைட்டிலில் எழுத்து ஓடுகிற வேகத்தில் பெயர் எதையும் படிக்க முடியாது.

கோடை முற்றியிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் அக்காவின் தங்கை வீடு இருந்தது. ஏரியில் படப்பிடிப்பு நடக்கிறது, அதே தொடர்தான் என்று தங்கை சொல்லியனுப்பினாள். எங்களுக்கு வார விடுமுறை. மூன்று பேரும் பஸ் மாறிப் போனோம். டைரக்டரை நேரில் நாலு கேள்வி கேட்பது என்று திசையன்விளைக்காரி வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அக்கா நாத்தனாருக்குக் கொடுக்க மல்லிகைப்பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஏரியில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு குட்டை, அதில் எருமைகள். கம்பெனிகளுக்கு மண் அடித்த லாரித் தடங்கள் குறுக்கும் நெடுக்கும் கிடந்தன. அந்தக் காய்ந்த தரையில் புகை போட்டு, மூழ்கிய ஊர் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். புகைக்குள் ஆடுகள் நுழைந்துவிடும். ஓர் ஆள் கம்போடு ஓடித் துரத்துவான், மறுபடி புகை. நான் பார்த்தவரை அன்று சோர்வில்லாமல் வேலை செய்தவன் அவன் ஒருவன்தான்.

மதகுக்குப் பக்கத்தில் பெரிய குடை. அதன் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் தொடைமேல் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய தாளை ஒருவன் வாங்கிக்கொண்டு ஓடினான். பத்திரிகையில் தொடர் வந்தபோது தலைப்புக்குப் பக்கத்தில் வாரா வாரம் ஒரு சின்னப் போட்டோ வரும். அதே முகம். தலைமுடி மட்டும் போட்டோவை விடக் கறுப்பு.

திசையன்விளைக்காரி என் கையைப் பிடித்தாள். “அவியதாம்ட்டி” என்றாள். அவ்வளவுதான், ஒத்திகை பார்த்த கேள்வி எல்லாம் போய்விட்டது. குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

“நல்லா இரும்மா. எந்தக் கம்பெனி?” என்றார். கம்பெனிப் பெண்கள் என்று எங்கள் முகத்திலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது. சொன்னோம்.

நான் கேட்டேன். “சார், டிவிக்கு எழுதறதும் நீங்கதானா?”

“பின்ன? கதை, வசனம் ரெண்டும் நான்தான்.”

“அப்ப அந்த நாத்தனார்?”

“எப்படி வந்திருக்கா பார்த்தீங்களா!” என்றார் சந்தோஷமாக.

“கதைல குரல்தான சார் இருந்துச்சு. அதுக்கு உடம்பே கிடையாதே.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “குரலுக்குக் கால்ஷீட் வாங்க முடியுமாம்மா? க்ளோசப் வைக்க முகம் வேணும். அதெல்லாம் பத்திரிகைக்குச் சரி. வேலை முடிச்சு அலுத்துப் போய் வந்து உக்கார்றீங்க, உங்களுக்குப் புரியணுமில்ல?”

“எங்களுக்குப் புரிஞ்சதாலதான் சார் கேக்கறோம்.”

அவர் தன் பக்கத்தில் நின்றவனிடம், “தம்பி, இவங்களுக்கு ரெண்டு பிஸ்கட் பாக்கெட் குடு” என்றுவிட்டு அட்டையை எடுத்து எழுத ஆரம்பித்தார். என் கேள்விக்கு அதுதான் பதில்.

அக்கா அதற்குள் நாத்தனாரைக் கண்டுபிடித்துப் பூவைக் கொடுத்து, மூக்குத்தியைத் தொட்டும் பார்த்துவிட்டார். “ஒட்டற மூக்குத்திம்மா. இன்னா தங்கமான பொண்ணு தெரிமா!” என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பிஸ்கட்டை நான் பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். திசையன்விளைக்காரி தன்னுடையதைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று இரவு நான் அவரைத் திட்டித் தீர்ப்போம் என்று காத்திருந்தேன். அவள் பாயை உதறிப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “எழுதுனவியளே மாத்துனா அது மாத்துனதா ஆவுமாட்டி? அவிய கதை. அவிய இஷ்டம்.”

“அப்ப இத்தன மாசம் எதுக்கு அழுத?”

“அப்போ அவியன்னு தெரியாதுல்லா.”

எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் அந்த ஆள் மேல்கூட வரவில்லை. குரலை நாத்தனாராக்கியது டைரக்டர் என்றால் அநியாயம், ஆசிரியர் என்றால் நியாயம்! கதை கெட்டதா இல்லையா என்பதல்ல, கெடுத்தது யார் என்பதுதான் அவளுக்குக் கணக்கு. அதை அப்படியே சொன்னேன். “நீ பெரிய இவ” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்தாள். சில வாரங்களில் பஸ்ஸில் எங்கள் கட்சியே கலைந்துவிட்டது. அவரே எழுதுகிறார் என்றதும் ஒவ்வொருத்தியாக, யோசித்துப் பார்த்தால் நாத்தனார் நல்லாத்தான் செய்கிறாள் என்று ஆரம்பித்தார்கள். திசையன்விளைக்காரி அக்காவுக்குப் பக்கத்தில், முறத்துக்கு அந்தப் பக்கம் இடம் மாற்றிக்கொண்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து தனியாகத் திட்டினேன். கேட்க ஆளில்லாமல் திட்டுவது மிகவும் அலுப்பு. ஆனாலும் திட்டினேன்.

தொடர் முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாத்தனார் மனம் திருந்தி, மூக்குத்தியைக் கழற்றி ஏரியில் எறிந்தாள். மதகுக்காரி காலில் விழுந்தாள். மாமியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். மதகுக்காரிக்கு வளைகாப்பு, எல்லோரும் வரிசையாக நின்று சந்தனம் பூசினார்கள். ‘முற்றும்’ என்று போட்டதும் அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு டிவியை அணைத்தார்.

பிறகு, அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்த்து, “தோ பொண்ணு, உன் புக்குல எப்டி முடியுது? இன்னிக்கி சொல்லு, கேக்கறேன்” என்றார்.

நான் வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். சொன்னேன். மழை விடாமல் பெய்கிறது. ஏரி தளும்புகிறது. மதகுக்காரி ஊராரைக் கூட்டி, யார் சொன்னாலும் மதகைத் திறக்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறக்கிறாள். ‘திறங்கள்’ என்று வருகிறது. அவள் வாயிலிருந்தே. ஊரார் மதகை நோக்கி ஓடுகிறார்கள். அவள் குறுக்கே விழுந்து தடுக்கிறாள். அதன் பிறகு அவள் சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் பிழைக்கிறது. அவள் மதகுமேல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குரல் அவளுக்குள்ளேயே. நான் நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். திசையன்விளைக்காரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“இம்மாந்தானா?” என்றார்.

“ஆமாக்கா.”

“ஊருக்கு நல்லது பண்ணவ காலம்பூரா வாய மூடிக்கினு குந்தணும். இத்தப் படிச்சிட்டா இத்தினி நாளு என்னை நிம்மதியா ஒண்ணு பாக்க வுடாம பண்ண?”

“அதுதாங்க்கா கதை. அவ பேசுனா ஊரே போயிரும்.”

“ஊரு கெடக்குது. உன் ஆளுக்கு ஒரு பொம்பளைய பேச வெக்கத் தெரில, குரலு கிரலுன்னு எழுதி வெச்சிக்கிறான். அந்த நாத்தனாராவது மூஞ்சிக்கு நேரா பேசனா. டிவில மாத்தனதுதான் கரீட்டு.”

“உங்களுக்கு அந்த மூக்குத்தியே போதும்க்கா” என்றேன்.

“போதும். போய்ப் படு, காலீல ஷிப்டு கீதுல்ல” என்று அவர் முறத்தை எடுத்து மாட்டினார்.

மாடிப்படியில் திசையன்விளைக்காரி பின்னாலேயே வந்து, “அக்கா சொல்லுததுலயும் ஒரு ஞாயம் இருக்குல்லா?” என்றாள். அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் வேறு ஏதோ தொடர் ஆரம்பித்தது. அவள் கீழே போனாள், நான் போகவில்லை. சில மாதங்களில் ஒரகடம் பக்கம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து அறையையும் மாற்றிக்கொண்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆனது என்று கேள்விப்பட்டேன்.

அக்கா சொன்னதை அதன்பின் பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த ஆசிரியரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதானோ என்றுகூட ஒரு சமயம் தோன்றியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கதை சரி, தொடர் குப்பை. அக்கா பேசியது தப்பு, ஆசிரியர் செய்தது அதைவிடத் தப்பு, அவர் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாளே திசையன்விளைக்காரி, அவள் செய்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு.