ஒருபக்கம் தீட்டிய கத்தி

ஒட்டுக்காரருக்கு இரண்டு கைகள். எல்லாருக்கும் அப்படித்தானே என்பீர்கள். இல்லை, இவருக்கு ஒன்று வீட்டுக்கு, ஒன்று வேலைக்கு. வீட்டில் எழுதுவது, சாப்பிடுவது, பூட்டுத் திறப்பது எல்லாம் வலது கை. பண்ணைக்குள் நுழைந்து சட்டையை மாற்றிக்கொண்டால் இடது கை பொறுப்பெடுத்துக்கொள்ளும்.

பிறவியிலேயே அவர் இடது கைக்காரர்தான். முதல் வகுப்பு வாத்தியார் மர ஸ்கேலால் அந்தக் கையின் முட்டியில் தட்டித் தட்டியே பென்சிலை வலப்பக்கம் மாற்றினார். அவர் விட்ட மிச்சத்தை அப்பா வீட்டில் பார்த்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் மறந்துபோய் இடது கையால் சுத்தியலைப் பிடித்ததை மனைவி பார்த்தாள். மகன் பிறந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"குழந்தை பாக்கிறப்போ அந்தக் கையால எதுவும் செய்யாதீங்க. அதையே பழகிட்டான்னா பள்ளிக்கூடத்துல அடி வாங்குவான்."

நியாயமாகத்தான் பட்டது. தான் வாங்கிய அடி தன்னோடு போகட்டும் என்று இருந்துவிட்டார். மகன் வலது கைக்காரனாகவே வளர்ந்தான், ஆளானான், வேலைக்குப் போனான். அத்தனை வருடமும் அப்பாவின் இடது கை அவன் முன்னால் தட்டு ஏந்தியதோடு சரி.

பண்ணை என்றால் பழமரக் கன்றுகளை ஒட்டுக்கட்டி விற்கும் இடம். பச்சை வலைக்கூரையின் கீழே கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாகச் செடிகள். வேர் ஒரு செடியுடையது. அதன் தலையை வெட்டிவிட்டு, நல்ல பழம் தரும் மரத்தின் குச்சி ஒன்றைச் சீவி அதில் பொருத்திக் கட்ட வேண்டும். இரண்டு வெட்டும் கண்ணாடி போல் தட்டையாக இருந்தால் ஒன்றோடொன்று கூடும். நடுவில் நூலளவு இடைவெளி விழுந்தாலும் பத்து நாளில் குச்சி கருகிவிடும். அந்தக் குச்சியைச் சீவுவதுதான் இவர் வேலை, முப்பத்தொரு வருடமாக. முதல் நாள் கையில் கத்தியைக் கொடுத்தபோது எந்தக் கை முந்தியதோ அதுவே நிலைத்தது. அங்கே யாரும் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வரவில்லை. "லெஃப்ட்டு" என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. லெஃப்ட்டு என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும்.

ஒரே ஒரு வில்லங்கம், கத்தி. ஒட்டுக்கத்தி மடக்குக் கத்தி. அதன் அலகு ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியிருக்கும். தட்டைப் பக்கம் குச்சியில் படிந்து போனால்தான் வெட்டு தட்டையாக விழும். கடையில் விற்பதெல்லாம் வலது கைக்காரர்களுக்காகத் தீட்டியவை. இடது கையில் பிடித்தால் சாய்வுப் பக்கம் குச்சிமேல் வரும். ஒன்று அலகு உள்ளே குடையும், இல்லையென்றால் மேலே தாவும். இவர் மணிக்கட்டை ஒரு தினுசாகத் திருகி அந்தக் கோணலைச் சரிக்கட்டக் கற்றுக்கொண்டார். நாளுக்கு முந்நூறு குச்சி, முந்நூறு திருகல். மணிக்கட்டும் எத்தனை காலம்தான் பொறுக்கும்? போன பருவத்தில் அது கைவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூறு பிடித்துக்கொண்டிருந்த இவருடைய வரிசையில் அறுபதுதான் துளிர்த்தது.

மேனேஜர் இரண்டு வருடத்துக்கு முன் வந்தவர். செடியைப் பார்ப்பதைவிட அட்டவணையைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

"அடுத்த பருவம் முதல் நாள் உங்க வரிசையில நானே வந்து நிக்கிறேன். வெட்டு சுத்தமா இருந்தா இருங்க. இல்லைன்னா வீட்டுக்குப் போயிடுங்க பெரியவரே. மனசுல வெச்சுக்காதீங்க."

மனசில் வைக்காமல் வேறெங்கே வைப்பதாம்! ஒட்டுக்காரருக்கு அந்த வேலையை விட்டால் உலகத்தில் வேறு இடம் கிடையாது. பணத்துக்காகக்கூட இல்லை, மகன்தான் சம்பாதிக்கிறானே. ஒரு நாளில் எட்டு மணி நேரம் ஒளிக்காமல் ஒரு மனிதனாக இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே கூரை அந்தப் பச்சை வலைதான்.

குச்சியைப் பொருத்தியதும் நாடா சுற்றிக் கட்டுகிறவள் இவருக்கு எதிரே இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள். வாய்த்துடுக்கு. அவள்தான் வழி சொன்னாள்.

"அண்ணே, கேட்டபடி கத்தி செஞ்சு குடுக்கிற ஆள் ஒருத்தர் இருக்காராம். படம் எல்லாம் போன்ல வருது. இடது கைக்குக்கூட செய்வாராம். அந்தக் கத்தி வந்தா உங்க மணிக்கட்டு சும்மா படுத்துக்கிட்டே வேலை பாக்கும்."

அவள் போனில் படங்களைப் பார்த்த அன்றிலிருந்து ஒட்டுக்காரருக்கு வேறு நினைப்பே இல்லை. அவருக்கென்று அளவெடுத்துச் செய்த பொருள் என்று எதுவும் அதுவரை இருந்ததில்லை. அண்ணன் போட்ட சட்டை, மேஸ்திரி கொடுத்த கத்தி, மகன் வேண்டாமென்ற செருப்பு. ஒரு நோட்டுத் தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தார். அலகு நான்கு விரல் நீளம். துருப்பிடிக்காத இரும்பு வேண்டாம். துருப்பிடித்தால் துடைத்துக்கொள்கிறேன், கல்லில் சுலபமாகத் தீட்ட வர வேண்டும். பிடி மரத்தில், பளபளப்புப் பூச்சு கூடாது, வியர்த்தால் வழுக்கும். பிடியின் வயிற்றில் சுண்டுவிரலுக்கு ஒரு பள்ளம். முனைகளில் பித்தளை. திறந்தால் தானாக மடங்காதபடி பூட்டு. கைப்பழக்கம் முழுவதையும் அந்தத் தாளில் இறக்கிவைத்தார், இரண்டு வாரம் அடித்துத் திருத்தி.

எந்தக் கைக்கு என்பதை மட்டும் எழுதவில்லை. மறதி இல்லை. அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தையை அவர் எழுதியதும் இல்லை, சொன்னதும் இல்லை. கத்தி செய்கிறவன் அதை எப்படியும் கேட்பான், கேட்டால் மகன் வந்து தன்னிடம் கேட்பான், கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். முப்பது வருடம் மறைத்ததை, கேட்டால் சொல்வது கொஞ்சம் லேசு என்று கணக்குப் போட்டார். அசட்டுக் கணக்கு.

தாளை மகனிடம் கொடுத்தார். போனில் ஃபார்ம் நிரப்பி அனுப்புவது அவன் பொறுப்பு. மூன்று நாள் கழித்து ஒட்டுக்காரர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"கத்திக்காரர் வேற ஏதாவது கேட்டாராப்பா?"

"எல்லாம் கேட்டாருப்பா. பஸ்ல வரும்போதே முடிச்சு அனுப்பிட்டேன்."

"கை பத்தி..."

"அதையும் கேட்டிருந்தாங்க. போட்டுட்டேன். இதெல்லாம் உங்ககிட்ட கேக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

ஒட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றார். கண் கலங்கிவிட்டது. இவன் பார்த்திருக்கிறான்! எப்போதோ, எதிலேயோ, கவனித்து மனசில் வைத்திருக்கிறான். தான் முப்பது வருடம் ஒளித்ததாக நினைத்துக்கொண்டிருக்க, பிள்ளை ஒரு வார்த்தை கேட்காமல் தெரிந்துவைத்திருக்கிறான். கத்தி வர ஐந்து மாதமாகும் என்றார்கள். அந்த ஐந்து மாதமும் மனிதர் தரையில் நடக்கவில்லை. கட்டுகிறவளிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

"நான் சொல்லவே இல்லைம்மா. அவனாவே போட்டிருக்கான்."

"குடுத்து வெச்சவர்ணே நீங்க. எங்க வீட்டுல எனக்குச் செருப்பு சைஸ்கூட யாருக்கும் தெரியாது."

பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது பெட்டி வந்தது. மகன் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து, அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, பெட்டியை அப்பா மடியில் வைத்தான். உள்ளே கத்தி. தாளில் எழுதிய அத்தனையும் இருந்தது. பூச்சில்லாத மரம், சுண்டுவிரல் பள்ளம், பித்தளை முனை. இப்படி ஒரு அழகான பொருளை அவர் தொட்டதே இல்லை. திறக்கப் போனார். நகம் வைக்கும் கீறல் பின்பக்கம் இருந்தது. திறந்து அலகைத் திருப்பினார். தட்டை இருக்க வேண்டிய பக்கம் சாய்வு. சுண்டுவிரல் பள்ளம்கூட மற்றக் கைக்குத்தான் பொருந்தியது. பெட்டிக்குள் ஒரு அட்டை, அதில் விவரம்: அலகு, இரும்பு, மரம், பூட்டு. கடைசி வரி, கை: வலது.

கத்தி தப்பாக வந்ததற்கு அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை. ஐந்து மாதம் சந்தோஷப்பட்டது பொய் என்பதுதான் நெஞ்சில் குத்தியது. பிள்ளை எதையும் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்த்ததில்லை.

"எப்படிப்பா இருக்கு?" மகன் முகமெல்லாம் பல்லாகக் கேட்டான்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா."

மனைவி அலகைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். மகன் அறைக்குள் போனதும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பழக்கம் இன்னுமா விடலை? வலது கையாலதான் பழகிப் பாருங்களேன். அவன் ஆசையா செஞ்சிருக்கான், இப்போ போயி ஒண்ணும் சொல்லி வெக்காதீங்க."

முப்பது வருடத்துக்கு முன்னால் சொன்னதையே சொல்கிறாள். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் பண்ணையிலிருந்து கத்திக்காரருக்குப் போன் போட்டார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார்.

"ஐயா, ஃபார்ம்ல வந்தபடிதான் செஞ்சேன். அலகைத் திருப்பிப் போட முடியாது, புதுசாத்தான் செய்யணும். இப்போ சொன்னா அஞ்சு மாசம் ஆகும். ஃபார்ம் போட்டவரு யாரு, உங்களைத் தெரியாதவரா?"

"இல்லைங்க. தெரிஞ்சவர்தான்," என்று வைத்துவிட்டார்.

மிஞ்சிய நாட்களில் வலது கையால் சீவிப் பார்த்தார். எழுதத் தெரிந்த கைதான், சாப்பிடத் தெரிந்த கைதான். குச்சி என்றால் அதற்கு ஆனா ஆவன்னா தெரியவில்லை. புதுக் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பழைய கத்தியையே எடுத்தார். மணிக்கட்டில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

பருவத்தின் முதல் நாள். மேனேஜர் சொன்னபடியே வந்து பக்கத்தில் நின்றார். ஒட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சீவினார். நாற்பது குச்சி முடிந்திருக்கும். நாற்பதில் இரண்டோ மூன்றோதான் பழுது. மேனேஜர் ஒவ்வொரு வெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சொல்ல எதுவும் கிடைக்காமல் நின்றார். கட்டுகிறவள் தலை நிமிராமல் சிரித்துக்கொண்டாள். பிழைத்தோம் என்று ஒட்டுக்காரருக்கும் தோன்ற ஆரம்பித்த அந்த நேரத்தில் "அப்பா!" என்று ஒரு குரல்.

மகன் வந்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பண்ணைக்கு. அன்று லீவு போட்டுவிட்டு, அப்பா புதுக் கத்தியோடு வேலை செய்வதைப் படமெடுக்க வந்திருந்தான்.

"என்னப்பா, பழசையே வெச்சுட்டு இருக்கீங்க? புதுசு எங்கே?"

ஒட்டுக்காரர் பையிலிருந்து எடுத்துத் திறந்தார். கை பழக்கத்தில் இடப்பக்கம் போனது.

"அப்பா! கை! வலது கைப்பா!" என்று சிரித்துக்கொண்டே வந்து, கத்தியை வாங்கி, அவருடைய வலது கையில் அவனே வைத்து விரல்களை மூடிவிட்டான். "ம், இப்போ சீவுங்க."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் எதிரே கட்டுகிறவள் உட்கார்ந்திருந்தாள். அவனாவே போட்டான் என்று பத்துத் தடவை சொன்ன வாயால் அவள் முன்னால், அந்த வரிசை முழுவதற்கும் முன்னால், என் பிள்ளைக்கு என்னைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? சீவினார். முதல் குச்சி குழிந்தது. இரண்டாவது பிளந்தது. மூன்றாவது கையை விட்டே ஓடியது.

மகனின் முகம் வாடிவிட்டது. போனைத் தாழ்த்திவிட்டு மேனேஜரை ஓரமாகக் கூப்பிட்டான். ஓரம் என்று பேர், எல்லார் காதிலும் விழுந்தது.

"சார், அப்பாவால முடியலை. வீட்டுல சொல்லவே இல்லை பாருங்க. எந்தக் கையில பிடிக்கணும்னே மறந்துபோற அளவுக்கு ஆயிடுச்சு. இனிமே அனுப்ப வேண்டாம்னு பாக்கிறேன்."

கட்டுகிறவள் நாடாவை வீசிவிட்டு எழுந்தாள். "தம்பி, நீங்க..." என்று ஆரம்பித்தவளை ஒட்டுக்காரர் பார்த்த பார்வையில் அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

மேனேஜருக்கு உண்மை தெரியும். லெஃப்ட்டு என்று அவரும்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் தானாக வந்து விழுந்த சாக்கை யார் விடுவார்கள்?

"பையனே சொல்லும்போது நான் என்ன சொல்றது பெரியவரே? நல்ல பிள்ளையைப் பெத்திருக்கீங்க."

ஒட்டுக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மகன் அவர் தோளில் கை போட்டு வாசல்வரை நடத்திக்கொண்டு போனான், வழியில் பள்ளம் மேடு வந்தால் தாங்கிப் பிடித்துக்கொண்டு. வண்டியைக் கிளப்பும் முன் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் கண் சிவந்திருந்தது.

"கோபமாப்பா? உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியப்போகுது?"

ஒட்டுக்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஆமாப்பா," என்றார். "போகலாம்."