ஆறு கோப்பைகளில் ஒன்று

செட்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். பகலில் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில், பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கி டீ செட் வாங்குவார். இரண்டையும் சேர்த்து யாரோ வைத்த பட்டப்பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். முப்பது வருடம் அடுத்தவர் பல்லுக்கு நிறம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. நமக்கெல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிவதில் பதினாறு வெள்ளையைப் பிரித்துச் சொல்லும். ஒரு கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாரென்றால், பிடியை யாராவது ஒட்டியிருக்கிறார்களா, சாஸர் வேறு செட்டிலிருந்து வந்து ஒண்டிக்கொண்டதா என்று புட்டுப்புட்டு வைப்பார். பெரிய கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் அவர் வரும்வரை காத்திருப்பார்கள்.

வீட்டில் நாற்பத்தோரு செட் இருந்தது. ‘நான் இவருக்கு நாற்பத்திரண்டாவது சம்சாரம்’ என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். ஆனால் வாங்கியதைப் பூட்டி வைத்து அழகு பார்ப்பவர்களைக் கண்டால் செட்டுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். கோப்பை குடிப்பதற்குத்தான், மற்றதெல்லாம் வீண் ஜம்பம் என்பது அவர் கட்சி. அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் அவரை மாட்டிவிட்டது.

மகளும் மருமகனும் மாடியில் குடியிருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து மகள் முழுகாமல் இருந்தாள், ஐந்தாவது மாதம். ஆரம்பத்தில் எதைச் சாப்பிட்டாலும் குமட்டிக்கொண்டு வந்தது. எலுமிச்சை பிழிந்த டீ ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. செட்டுக்காரர் நாற்பத்தோரு செட்டையும் அலசி, அவளுக்கென்று ஒரு கோப்பையைத் தேர்ந்தெடுத்தார். ஆறு கோப்பை கொண்ட மிகப் பழைய செட் அது. உள்ளே வெண்ணெய் நிறப் பூச்சு, அதில் முடி முடியாக மெல்லிய விரிசல்கள். அந்த விரிசல்தான் அதற்கு அழகு என்று மகளிடம் சொன்னார். மூன்று மாதமாகத் தினமும் காலையில் தானே டீ போட்டு, அந்தக் கோப்பையில் ஊற்றி, மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான கடைக்காரர் அவரைப் பார்த்ததும் புலம்பித் தீர்த்தார். செட் வாங்கிப் போன ஒருவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டாராம். பழைய பூச்சில் சிலதில் ஈயம் இருக்கிறதாம், புளிப்பு பட்டால் அது கரைந்து இறங்குமாம். அந்த ஆள் விட்டுப்போன சோதனைக் குச்சிகள் கல்லாப் பெட்டிமேல் கிடந்தன. கோப்பையில் தேய்த்துச் சிவந்தால் ஈயம். செட்டுக்காரர் சிரித்துவிட்டு, வேடிக்கைக்கு நாலைந்து குச்சியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

மதியம் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு செட்டில் குச்சி நிறம் மாறவில்லை. மூன்றாவதாக மகளின் கோப்பையை எடுத்து உள்பக்கம் தேய்த்தார். குச்சியின் நுனி முதலில் லேசாக ரோஸ் நிறமானது, பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்துவிட்டது. கோப்பையைக் கழுவித் துடைத்து இன்னொரு குச்சியால் தேய்த்தார். அதுவும் சிவந்தது. ஈயம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதுவும் வயிற்றில் இருக்கிற குழந்தையை.

நல்ல மனுஷன் என்றால் அந்த நிமிஷமே மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். இவர் ஓடவில்லை. மகள் பயந்துபோவாள், பயமே குழந்தைக்குக் கெடுதல் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. தன் கையாலேயே தேடிப் பொறுக்கி, தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்ததை எந்த முகத்தோடு சொல்வது என்ற பயம்தான். இன்றோடு நிறுத்திவிட்டால் போதாதா என்று நினைத்தார். சாயங்காலம் சமையலறைத் தொட்டியில் அந்தக் கோப்பையை ஓங்கிப் போட்டார். சத்தம் கேட்டு மனைவி ஓடிவர, கை வழுக்கிவிட்டது என்றார். மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, போனால் போகட்டும், வருத்தப்படாதீர்கள் என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்த ராத்திரி அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

விடிந்ததும் எவர்சில்வர் டம்ளரில் டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் அதே வெண்ணெய் நிறம், அதே விரிசல். பாதி குடித்திருந்தாள்.

“பாத்தீங்களாப்பா? உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னு அதே செட்ல இன்னொன்னு எடுத்துட்டு வந்துட்டேன். இன்னைக்கு நானே டீ போட்டுட்டேன்.”

அட மனுஷா, செட் என்றால் ஆறு கோப்பை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நீதானே! பாய்ந்துபோய்க் கோப்பையைப் பிடுங்கினார். டீ அவள் மடியெல்லாம் கொட்டியது. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: குச்சி, சிவப்பு, எலுமிச்சை, ஈயம். மகளின் ஒரு கை தானாக வயிற்றின்மேல் போனது.

“அப்ப நேத்து கை வழுக்கல?”

“இல்லம்மா. நான்தான் உடைச்சேன்.”

மகள் எழுந்துபோய்த் துணி மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான்கு பேரும் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை மாதமாகக் குடிக்கிறாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாகக் குடித்தது எப்போது என்றதற்கு மகள், இன்று காலையில் அரைக் கோப்பை என்றாள். விஷயம் தெரிந்தது எப்போது என்று கேட்டார்.

“இன்னைக்குக் காலையிலதான் டாக்டர். அப்பா பாத்த உடனே ஓடிவந்து சொல்லிட்டார்.”

அவர் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. மனைவிக்கும் மருமகனுக்கும் அதுவரை அவ்வளவுதான் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். செட்டுக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

“இல்ல டாக்டர். எனக்கு நேத்து மதியமே தெரியும். சொல்லாம மறைச்சுட்டேன். அதனாலதான் இன்னைக்குக் குடிச்சா.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். மருமகன் மெதுவாகத் தலையைத் திருப்பி மாமனாரைப் பார்த்தான். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாளாகும் என்றார்கள்.

அந்த மூன்று நாளும் மாடியிலிருந்து யாரும் கீழே வரவில்லை. மனைவிதான் சோற்றை மேலே கொண்டுபோனாள். திரும்பி வந்து இவர் முகத்தைப் பார்க்காமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள். கிளினிக்கில் ஒரே பல்லுக்கு இரண்டு தடவை நிறம் தப்பாகப் பார்த்தார். என்ன ஆயிற்று உங்களுக்கு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, தலைவலி என்று சொல்லிச் சமாளித்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் இறங்கி வந்தாள். கையில் ரிப்போர்ட். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை என்றாள். இனி அதைத் தொடக்கூடாது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், குழந்தை நன்றாக அசைகிறது, அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். செய்தி வாசிக்கிற மாதிரி நின்றபடியே சொல்லி முடித்தாள்.

“மீதி அஞ்சு இருக்குல்ல? எடுத்துட்டு வந்து உடைங்க. நான் பாக்கணும்.”

பின்கட்டில் அவள் தள்ளி நின்றுகொண்டாள். பல் அச்சு உடைக்கிற சின்னச் சுத்தியலை எடுத்துவந்து, செட்டுக்காரர் கோப்பையைச் சாக்குக்குள் போட்டு அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதற்கு அடி குறி தப்பித் தரையில் விழுந்தது. மறுபடி அடித்தார். ஐந்தாவதைச் சாக்குக்குள் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

மகள் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள்.

“குடுங்கப்பா.”

மூன்று நாளில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செட்டுக்காரர் சுத்தியலை அவளிடம் கொடுத்துவிட்டு, சாக்கின் வாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.