ஊதுபத்திப் புகை போன பக்கம்

மெல்பேர்ணிலிருந்து காரில் மூன்று மணி நேரம் மேற்கே உள்ள ஒரு சிறு நகரத்தின் ஷயர் கவுன்சிலில் சுகாதார அதிகாரியாக இருந்து சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். அதற்கு முன் இலங்கையில், வவுனியாவில் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இரண்டு ஊரிலும் வேலை ஒன்றுதான்: குசினி, கக்கூசு, குப்பை, எலி, அயலவர் முறைப்பாடு. நாளும் நேரமும் போட்டுக் குறிப்புக் கொப்பி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதில் சில பக்கங்களை இங்கே விரித்து எழுதுகிறேன். நான் திறமாகச் செய்து முடித்தேன் என்று நினைத்திருந்த ஒரு வேலையைப் பற்றிய பக்கங்கள் இவை.

1. முறைப்பாடு

மார்ச், செவ்வாய், காலை 9.20. டொரீன் என்ற மூதாட்டி தொலைபேசியில் பேசினார். பக்கத்து வீட்டில் நான்கு ஆண்கள் இருக்கிறார்கள், விடிய மூன்று மணிக்கே மீன் பொரிக்கிறார்கள், கொடியில் காயும் உடுப்பெல்லாம் மணக்கிறது என்றார். வீட்டு ஏஜென்ரிடமும் சொல்லிவிட்டாராம்.

அந்த நான்கு பேரையும் எனக்குத் தெரியும். இலங்கையிலிருந்து படகில் அகதிகளாக வந்தவர்கள். தற்காலிக விசாவில் ஊரின் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு வெட்டும் பிரிவில் வேலை. ஊரில் வங்கி மூடிவிட்டது, இரண்டு கடைக்கு ஒன்று பூட்டிக் கிடந்தது, தொழிற்சாலை மட்டும் ஓடியது. வாடகைக்கு வேறு வீடு கிடையாது. ஷிஃப்ற் காலை ஐந்து மணிக்குத் தொடங்கும், பஸ் இல்லை. வீடு போனால் வேலை போகும். வேலை போனால் ஊருக்குக் காசு அனுப்ப வழியில்லை.

வீட்டில் மூத்தவர் சிவநேசன். மனைவியும் மகளும் வவுனியாவில். பன்னிரண்டு வருடமாக அவர்களை நேரில் பார்க்காதவர். சமையல் ரஜீவன், வாய் ஓயாதவன்.

நான் போய் விசாரித்தபோது, “ஐயா, மீன் பொரிக்கிறதுக்கும் விசா வேணுமோ?” என்று கேட்டான்.

சிவநேசன் அவனை அதட்டினார். “பகிடியை விடடா. ஐயா, ஏஜென்ற் கடிதம் போட்டிட்டான். இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டை விட்டு எழும்பட்டாம். நாங்கள் எங்கை போறது?”

2. தீர்வு

ஏஜென்ருக்கு நானே கடிதம் எழுதினேன். மணத்தைக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விடும் பலமான ஃபான் ஒன்றை அடுப்புக்கு மேல் பொருத்திப் பூட்டினால் முறைப்பாட்டை முடித்துவிடலாம் என்றேன். ஏஜென்ற் சம்மதித்தார். ஏப்ரலில் பூட்டினார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். ஃபான் லொறி மாதிரி இரைந்தது. “சமைக்கேக்கை யன்னல் கதவெல்லாம் சாத்திப்போட்டு இதைப் போடுங்கோ. ஒரு மணமும் பக்கத்து வீட்டு மனிசியிட்டைப் போகாது,” என்று சொன்னேன். அப்படியே செய்தார்கள். டொரீன் நன்றி சொல்லி ஒரு போத்தல் பிளம் ஜாம் கொண்டுவந்து தந்தார். கொப்பியில் ‘முடிந்தது’ என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

3. யூலை, ஞாயிறு, மாலை

சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். பழைய பலகை வீடு. கதவடியில் குளிர் வராமல் துணி அடைத்து, யன்னல் விளிம்புகளுக்குப் பசை ரேப் ஒட்டியிருந்தார்கள். முன்னறையில், சுவரோடு பொருத்திய பழைய கேஸ் ஹீற்றர் எரிந்தது. அதற்கு மேல் தட்டில் பிள்ளையார் படம், ஊதுபத்தி. குசினியில் ஃபான்.

எல்லோரும் சோர்ந்துபோய் இருந்தார்கள். ஒரு மாதமாகத் தலையிடி, இடைக்கிடை சாப்பிட்டதெல்லாம் சத்தி.

“வேலைக்குப் போனால் சுகம் ஐயா. வீட்டை வந்தால்தான் இடிக்குது,” என்றான் ரஜீவன். “எங்களுக்கு வேலைப் பைத்தியம் பிடிச்சிட்டுது.”

“குளிரறையிலை நிண்டிட்டு வந்து சூட்டுக்குள்ளை இருந்தால் அப்பிடித்தான்,” என்றேன். “பனடோல் போடுங்கோ.”

ரஜீவன் ஊதுபத்தியைக் காட்டினான். புகை மேலே எழும்பவில்லை. வளைந்து, அறையைக் கடந்து குசினி வாசலுக்குள் போனது. “பாருங்கோ, பிள்ளையாரும் மரக்கறியை விட்டிட்டார். மீன்குழம்புக்கு ஓடுறார்.”

எல்லோரும் சிரித்தோம். சிவநேசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிரவு கொப்பியில் எழுதியது: ‘நால்வருக்கும் தலையிடி. மீன்குழம்பு நல்ல உறைப்பு.’

4. ஓகஸ்ட், திங்கள்

காலை 10.10. டொரீனின் அழைப்பு. பக்கத்து வீட்டு ஃபான் விடியற்காலையிலிருந்து ஓடுகிறது, ஆனால் வழமையாகக் கொஞ்சமாவது வரும் மணமும் இல்லை, ஏதோ சரியில்லை என்றார்.

மணம் வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றமா என்று நினைத்தேன். பள்ளிக்கூடக் கன்ரீனில் பரிசோதனை இருந்தது. அதை முடித்து, சாப்பிட்டு, 1.40க்குப் போனேன்.

வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து மட்டும். மற்ற மூவரும் நாலரைக்கே சமைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார்கள். அவசரத்தில் ஃபானை நிறுத்தவில்லை. சிவநேசன் தலையிடிக்கு லீவு போட்டிருந்தார். ஹீற்றருக்கு முன்னால், செற்றி இருக்கையில், போர்வையோடு சரிந்து கிடந்தார்.

கதவைத் திறந்து போட்டு அவரை வெளியே இழுத்தேன். எனக்கே தலை சுற்றியது. அவருடைய உடம்பு சூடாக இருந்தது, அதனால் உயிர் இருக்கிறது என்று நம்பினேன். எரியும் ஹீற்றருக்கு முன்னால் கிடந்த உடம்பின் சூட்டுக்கு அர்த்தமில்லை என்று அம்புலன்ஸ் பெண் பிறகு சொன்னார். பத்தரைக்கே போயிருந்தால் உயிர் இருந்திருக்குமா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

5. சோதனை

புதன்கிழமை கேஸ் பரிசோதகர் வந்தார். யன்னல் கதவெல்லாம் சாத்தி, ஃபானைப் போட்டு, ஹீற்றரின் மேல்விளிம்பில் புகைக்குச்சி ஒன்றைப் பிடித்தார். புகை ஹீற்றரின் புகைபோக்கிக்குள் போகவில்லை. அறைக்குள் திரும்பி, குசினிப் பக்கம் போனது.

அவர் விளக்கினார். ஃபான் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வரவேண்டும். எல்லா வழியையும் அடைத்துவிட்டால் அது புகைபோக்கி வழியாகவே இறங்கும். ஹீற்றரின் எரிந்த காற்றையும் கூடவே கொண்டு வரும். அதில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடிதான் அறிகுறி. வீட்டை விட்டு வெளியே போனால் அது நின்றுவிடும்.

வாசலில் நின்ற ரஜீவன் மெல்லச் சொன்னான்: “ஐயா, சாமிப் புகையும் இப்பிடித்தானே போனது.”



என் கடிதத்தையும் கொப்பியையும் விசாரணைக்குக் கொடுத்தேன். அறிக்கை ஹீற்றரைப் பல வருடம் சர்வீஸ் செய்யாததையும், காற்றுவழி வைக்காமல் ஃபான் பூட்டியதையும் குறை சொன்னது. என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மேலாளர் என் தோளில் தட்டினார். “உன்னட்டைக் கேட்டது மணத்தைப் பற்றி, நண்பா. கேஸ் உன்ரை வேலையில்லை.” ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான். சட்டப்படி அது சரி.

6. தொலைபேசி

வீட்டைப் பூட்டிவிட்டார்கள். மூவரும் ஒரு கிழமை வான் வண்டிக்குள் படுத்துவிட்டு, வேலையை விட்டு மெல்பேர்ண் பக்கம் டண்டினொங்குக்குப் போனார்கள்.

சிவநேசனின் மனைவிக்கு நான் தொலைபேசி எடுத்தேன்; மரணச் செய்தி அவருக்கு ஏற்கனவே போயிருந்தது. நான் யாரென்று சொன்னதும் அவரே பேசத் தொடங்கினார்.

“தெரியும் ஐயா. அந்த மிசினைப் போடுவிச்சு வீட்டைக் காப்பாத்தித் தந்தது நீங்கள்தானாம். எங்கடை ஊர் பி.எச்.ஐ. இருக்கிறார், பயமில்லை எண்டு இவர் சொன்னவர். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். என் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. ஆனாலும் சொன்னேன்: ஃபானை, சாத்தச் சொன்ன யன்னலை, தலையிடியை, புகையை, நான் சிரித்ததை, பத்து பத்துக்கு வந்த அழைப்பை. ஒன்றும் விடாமல், கொப்பியில் உள்ள ஒழுங்கிலேயே.

பின்னால் எங்கோ சேவல் கூவியது.

“அவருக்கு இது தெரியுமோ?”

“தெரியாது தங்கச்சி.”

பிறகு கேட்டார்: “மற்றப் பெடியள் மூண்டு பேரும் இப்ப எங்கை?”

“டண்டினொங்கிலை. ஒரு வீட்டு அறையிலை.”

“அங்கை ஹீற்றர் இருக்கோ?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வீட்டிலிருந்து காற்றை வெளியே எடுக்கச் சொல்லுமுன் அது எந்த வழியாக உள்ளே வரும் என்று பாருங்கள். முறைப்பாடு குசினியைப் பற்றியது என்றாலும் முன்னறைக்குள்ளும் போங்கள். அங்கே இருப்பவர்கள் பகிடியாகச் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததை மறுநாள் எடுத்து வாசியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை டண்டினொங் போனேன். அறையில் ஹீற்றர் இருந்தது. யன்னலையும் கதவையும் சாத்தி, குசினி ஃபானையும் குளியலறை ஃபானையும் போடச் சொல்லி, ரஜீவனிடம் ஊதுபத்தி கேட்டேன். எங்கள் துறையில் இதற்கென்று வேறு கருவிகள் உண்டு. அவன் ஒன்றும் கேட்காமல் கொளுத்தித் தந்தான். ஹீற்றரின் விளிம்பில் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். மூவரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். புகை நேரே புகைபோக்கிக்குள் ஏறியது. பத்தி முழுவதும் எரிந்து முடியும்வரை பார்த்தோம். ஒருவரும் பகிடி விடவில்லை.