மணல் தொட்டியை மூடிய ஞாயிறு

அஸ்தினாபுரத்தில் என் மகள் போன விளையாட்டுப் பள்ளி ஒரு வாடகை வீடு. பின்பக்கம் பிள்ளைகளுக்கு ஒரு மணல் தொட்டி வேண்டும் என்று அதை நடத்திய மிஸ் கேட்டபோது நான்தான் கட்டிக் கொடுத்தேன். எனக்குத் தொழில் டைல்ஸ் ஒட்டுவது. கட்டடத்துக்கு இப்போது எல்லோரும் வாங்கும் எம்-சாண்ட் கல்லை உடைத்த பொடி. பிள்ளைகளின் கையைக் கீறிவிடும். படப்பையில் ஒரு வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஆற்று மணலைக் கேட்டு வாங்கி, இரண்டு முறை சலித்துக் கொட்டினேன்.

நான்கு வயதாகியும் என் மகளுக்கு அப்பா, அம்மாவுக்கு மேல் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட டம்ளரைத்தான் காட்டுவாள். பேச்சு அந்தத் தொட்டியில்தான் வந்தது. ஒரு மதியம் அழைத்துவரப் போனபோது, ஈர மணலை ஒரு டப்பா மூடியில் அடைத்துக் கவிழ்த்து, பக்கத்துப் பிள்ளையிடம், "இட்லி சூடு. ஊதித் தின்னு" என்றாள். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா, "தலையெல்லாம் மண்ணு மிஸ். தினம் தலைக்கு ஊத்த முடியல" என்றார். இன்னொருவர், "மண்ணு எங்க வூட்டாண்டயே கீது. ஏபிசிடி சொல்லிக் குடுங்க மிஸ்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"விளையாடும்போதுதாங்க கத்துக்கிறாங்க" என்ற மிஸ் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, பாப்பா எப்படிப் பேச ஆரம்பிச்சான்னு நீங்களே சொல்லுங்கண்ணா."

எழுந்தேன். அத்தனை முகங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத நான் இவர்களுக்கு என்ன சொல்வது? இட்லி கதையைச் சொன்னால்கூடப் போதும் என்று தெரியும்.

"ஒண்ணுமில்ல மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டியை மூடுவதென்று முடிவானது. மிஸ் அந்த வேலையையும் என்னிடமே கேட்டார். முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றி மணலை இடித்துச் சமன் செய்து, மேலே ஜல்லிக் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டினேன்.

சிமெண்ட் இறுகட்டும் என்று இரண்டு நாள் விடுமுறை விட்டுப் பள்ளியைத் திறந்தார்கள். மகள் நேராகப் பின்பக்கம் ஓடினாள்.

"மணலு எங்கப்பா?"

"கீழதான் கீதும்மா."

உட்கார்ந்து, இரண்டு டைல்ஸுக்கு நடுவே நகத்தால் சுரண்டினாள். வெள்ளை சிமெண்ட் நன்றாக இறுகியிருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க, தண்ணீர் வேண்டுமென்றால் பழையபடி டம்ளரைத்தான் காட்டினாள்.