கைப்பைக்குள் இருந்த குப்பி

குழந்தைகள் வார்டின் பெரிய சிஸ்டருக்கு அப்பா நாட்டு வைத்தியர். நர்ஸ் படிப்பில் சேர்ந்த வாரமே இது தெரிந்துபோய், கூடப் படித்தவர்கள் 'வேர்க்கிழங்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைத் துடைத்தெறியத்தானோ என்னவோ, கஷாயம், பச்சிலை என்று யாராவது வாயைத் திறந்தால் டாக்டர்களைவிட அவர்தான் அதிகம் எரிந்து விழுவார்.

ஒருமுறை காய்ச்சலில் கிடந்த சிறுமிக்கு அவள் அம்மா ஒளித்துவைத்து ஏதோ சாறு புகட்டினாள். சிஸ்டர் குப்பியைப் பிடுங்கி, வார்டே பார்க்க, கைகழுவும் தொட்டியில் கொட்டினார்.

"கண்ட தழையையும் அரைச்சு ஊத்துறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

சிறுமி பிழைத்துக்கொண்டாள். சிஸ்டர் அதை மறந்தும் போனார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், அந்தச் சிறுமியின் அம்மா கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். குழந்தைக்குக் கண் சொருகியிருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"வெளியில ஏதாச்சும் மருந்து குடுத்தீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற சிஸ்டரைப் பார்த்தாள்.

"இல்ல சார்."

மூளைக்காய்ச்சல் என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். மூன்று மணி நேரம். பிறகு வெள்ளைத் துணியால் மூடினார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் கைப்பையிலிருந்து பாதி காலியான குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வயித்து வலிக்குன்னு ஒருத்தர் குடுத்தார். சொல்லியிருப்பேன் சிஸ்டர். நீங்க நின்னுட்டிருந்தீங்க."

குரலில் கோபமே இல்லை. டாக்டர் குப்பியை மோந்து பார்த்தார். "தெரிஞ்சிருந்தா முறிவு மருந்து போட்டுப் பாத்திருக்கலாம். பிழைச்சிருக்கும்னும் சொல்ல முடியாது."

அந்த 'முடியாது'வைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்த்தார் சிஸ்டர். அது தாங்கவில்லை. வார்டில் எந்தத் தாய் கைப்பையை மார்போடு அணைத்தாலும் அவர் கண் அங்கே போய்விடும். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தணிந்த குரலில் கேட்பார்:

"என்ன குடுத்தீங்க? எங்க அப்பாவும் நாட்டு வைத்தியம்தான் பாத்தார். திட்ட மாட்டேன், சொல்லுங்க."

"என்ன சிஸ்டர், கட்சி மாறிட்டீங்களா?" என்று டாக்டர்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. இரண்டு வருடம் மல்லுக்கட்டி, வெளி மருந்தைக் குறித்துவைக்க நோயாளிச் சீட்டில் ஒரு கட்டம் போட வைத்தார். ஈயம் கலந்த பொடியைத் தின்ற ஒரு பையனை அந்தக் கட்டம் காப்பாற்றியது. எல்லோரும் பாராட்டியபோது அவர் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், நெரிசலான பஸ்ஸில், குழந்தையைப் பறிகொடுத்த அந்தப் பெண், அன்று காய்ச்சலில் பிழைத்த மகளோடு உட்கார்ந்திருந்தாள். சிஸ்டரை அடையாளம் கண்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்."

சிஸ்டர் உட்காரவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வீடுவரை நடந்தார்.