வெள்ளிக்கிழமை தேய்த்த மூடி

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. படித்தது இரண்டாம் வகுப்பு. எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் இருந்தோம். கடைசி மகள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை ஆரம்பித்திருந்தாள். முன்னறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று. இரண்டும் பழையவை. லினக்ஸ் என்று ஏதோ ஒன்றை இரண்டிலும் ஏற்றி, நடுவில் கறுப்பு ஒயர் இழுத்து, ஒன்றோடொன்று பேச வைத்தாள். பின்னறையில் நூல் மூட்டையின் எடையை அடித்தால் முன்னறைத் திரையில் அதே எண் வரும். இதை ஒரு மில்லுக்குச் செய்து கொடுக்கப் பேச்சு நடந்தது. மேனேஜர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அது அமையாவிட்டால் பெங்களூருக்குப் போய்விடுவேன் என்றாள் மகள். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் விளக்கையும் பித்தளைச் சாமானையும் புளி போட்டுத் தேய்ப்பது என் வழக்கம். அன்றைக்குப் பின்னறையையும் கூட்டினேன். ஒயரின் கடைசி முனையில் சுண்டுவிரல் நுனியளவு மூடி ஒன்று பிசுக்கேறிக் கிடந்தது. ஆள் வருகிற வீட்டில் அழுக்குச் சாமான் இருக்கலாமா? கழற்றி, அதையும் தேய்த்து, விளக்கோடு வெயிலில் வைத்தேன்.

மேனேஜர் வந்தார், காபி குடித்தார், பின்னறைக்குப் போய் எண்ணை அடித்தார். முன்னறையில் ஒன்றும் வரவில்லை. மகள் எதையெதையோ தட்டினாள், நிறுத்திப் போட்டாள். காதோரம் வேர்த்துவிட்டது.

"நேத்து நல்லாப் பேசுச்சுங்க சார்."

"புது ஆளக் கண்டு வெக்கப்படுதாட்டங்க," என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மகள் பின்னறைக்கு ஓடி ஒயரைத் தடவிப் பார்த்தாள். "அம்மா, கடைசி மூடியக் காணமுங்க! அது இல்லீனா போற சேதி முனையில முட்டித் திரும்பி வந்து எல்லாத்தையும் கலக்கிப்போடுமுங்க!"

தப்பு என் மேல் என்று யாரிடமும் ஒப்புக்கொண்டு பழக்கமில்லை. எலி இழுத்திருக்கும் என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நாந்தான் அம்மணி எடுத்தேன். புளி போட்டுத் தேச்சு வெயில்ல வெச்சிருக்கறேன்."

"புளியா!"

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்கம்மா, கம்ப்யூட்டர மட்டும் எப்படி உட்டீங்க?"

"பித்தளையா இருந்தா உட்டிருக்க மாட்டனுங்க," என்றேன்.

மூடியை முந்தானையில் துடைத்து நானே மாட்டினேன். குண்டு பல்பு மாட்டுவதுபோல் அழுத்தித் திருப்பினால் போதும். மேனேஜர் மறுபடி அடித்தார். முன்னறையிலிருந்து மகள், "வந்துருச்சுங்க!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. யாரும் சொல்லாமல் நானே படித்தேன்.

"திங்கக்கெழம மில்லுக்கு வந்துருங்க," என்றார் அவளிடம். "அம்மாளையும் கூட்டிட்டு வாங்க. புளி மட்டும் வேண்டாமுங்க."

மகள் பெங்களூருக்குப் போகவில்லை.

ஏங் கண்ணு, பாட்டி சொன்னது எல்லாத்தையும் எழுதிப்போட்டியா? மூடிய எடுத்தது நாந்தான்னு ஒத்துக்கிட்டத உட்டுறாத. அத மாட்டுனதும் நாந்தான், அதும் இருக்கோணும். எங்க, மொதல்ல இருந்து படி, கேக்கலாம்.